ஆகஸ்டில்தான் காய்க்கும்

மார்ச் 29, சனி

முடிவு எடுத்தாகிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போகிறேன்.

எழுதி வைத்தால் மனம் மாறாது என்பதால் எழுதுகிறேன். அம்மா இருபது வருடத்துக்கும் மேலாகத் தையல் பிரிவில் உட்கார்ந்திருக்கிற ஆம்பூர் ஷூ கம்பெனியே என்னைக் கூப்பிடுகிறது. தரக் கட்டுப்பாட்டுத் தலைமை. தனி அறை, கார், பெயர்ப் பலகை. மே ஐந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், ஜூலையில் சேர வேண்டும். இங்கே, ஜெர்மனியின் இந்த பிர்மாசென்ஸ் ஊரில், நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடமும் நிரந்தர ஒப்பந்தத்தை மேசையில் வைத்திருக்கிறது. அதற்கும் அதே வாரம்தான் கெடு.

இங்கே என் வேலை ஷூவை வளைப்பது, நனைப்பது, கிழிப்பது. மனிதர்கள் நடப்பதற்கு முன் இயந்திரத்தை நடக்கவிட்டுப் பார்ப்பது.

போவதற்குக் காரணம் அம்மா. அப்பா போன பிறகு தனியாக இருக்கிறாள். வேறு காரணம் தேவையில்லை. இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார். நாலு வருடம் கழித்தும் ஆட்கள் என்னிடம், "உங்கள் ஜெர்மன் நன்றாக இருக்கிறதே" என்கிறார்கள். கழிப்பறை கழுவுகிறவர்களின் தோல் நிறம் இங்கேயும் என்னுடையதுதான். சொர்க்கத்தை விட்டுப் போகிறேன் என்று எவனும் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வருகிறாள். ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, நானும் வருகிறேன் என்று நேரில் சொல்ல வேண்டும். அழுவாள் என்று நினைக்கிறேன்.

ஜன்னலோரம் கத்தரி விதை ஊன்றினேன். பாக்கெட் காலாவதி ஆகப் போகிறது, அதனால்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

அம்மா வந்துவிட்டாள். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் புடவை, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாவோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெட்டியில் பாதி காய்ந்த மிளகாயும் சீரகச் சம்பாவும்.

"இன்னாடி, இவ்ளோ தூரத்துல கீற நீ. சாப்புடு சாப்புடுன்னு நாலு வாட்டி எழுப்புறான் பிளேன்ல."

ரயிலில் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. பயப்படுவாள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கையை உருவிக்கொண்டு, "கண்ணாடிய மறைக்கிற" என்றாள்.

பெட்டியிலிருந்து துணி எடுத்து வைக்கும்போது அடியில் சிவப்புத் துணி ஒன்று மடித்திருந்தது. கேட்டேன். சபைப் பாடகர் குழுவுக்குத் தைத்தது, தவறி வந்துவிட்டது என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

அம்மாவுக்குப் பழுப்பு நிறத்தில் தோல் ஷூ வாங்கி வைத்திருந்தேன். கயிறு கட்டுகிற ரகம். வாழ்நாள் முழுக்க ஷூவின் மேல்தோலைத் தைத்தவள் ஒரு நாளும் ஷூ போட்டதில்லை. கம்பெனியில் தையல் கூடத்துக்கு வெளியே ரப்பர் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். அதிகாரிகள் ஷூவோடு போவார்கள். தரை ஒன்றுதான்.

அம்மா ஷூவுக்குள் கையைவிட்டுத் தடவினாள். பிறகு காலை விட்டாள். எழுந்து நின்று வாத்து போல நாலு அடி நடந்தாள்.

"கால ஜெயில்ல போட்ட மாதிரி கீது. ஆனா சூடா கீதுடி."

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

அம்மாவுக்குத் தேவாலயம் போக வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. ஒரே கர்த்தர், தனித்தனிக் கல்லறை என்று வைத்திருக்கும் சபைகளை நான் பார்த்தவள். ஆனாலும் கூட்டிப் போனேன். வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிர்க் கடையில் காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவினேன். ஆராதனை முடிகிற நேரத்தில் திரும்பினால், அம்மா காலுறையோடு படியில் நிற்கிறாள். சுற்றிலும் கோட்டு போட்ட கிழவர்கள் நிற்கிறார்கள். போதகர் குனிந்து புதருக்குள் தேடுகிறார்.

நம் ஊரில் கோயிலானாலும் மசூதியானாலும் தேவாலயமானாலும் காலணியை வெளியேதான் விடுவோம். அம்மாவும் அப்படியே கழற்றியிருக்கிறாள். படியோரம் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதில் பழைய பூட்ஸ், இரண்டு கோப்பைகள், புத்தகங்கள். மற்றவர்களும் அங்கேதான் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, பெட்டிக்குள் தன் ஷூவை ஜோடியாக வைத்துவிட்டு ஜெபிக்கப் போய்விட்டாள்.

இந்த ஊரில் தங்களுக்கு வேண்டாததை வாசலில் பெட்டியில் வைத்து, 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி ஒட்டுவார்கள். யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

போதகரிடம் விளக்கினேன். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு மற்ற எல்லாருடைய காலையும் பார்த்தார். "முந்நூறு வருடமாக நாங்கள் ஷூவோடுதான் உள்ளே போகிறோம்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

"சரி வுடு, அவங்க வழக்கம்" என்றாள் அம்மா. பெருந்தன்மையாக.

வீடு வரை என் ஷூவைப் போட்டுக்கொண்டு அம்மா வந்தாள். நான் காலுறையோடு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

ஜலதோஷம். எனக்கு. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது அம்மா பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல். அந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. என்னைப் பார்த்ததும், "அப்பால பேசுறன்" என்று வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நலம் விசாரிக்கிறார்களாம். தினமும் இப்படி நடக்கிறது. எவ்வளவு தனிமை இருந்தால் ஒருத்தி இப்படிப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஊருக்குப் போவதென்று நான் எடுத்த முடிவு சரிதான்.

மாலையில் கோட்டைப் படிக்கட்டு ஏறினோம். இந்த ஊர் முழுக்க மேடும் பள்ளமும். அம்மாவின் முழங்கால் தாங்காது என்று பாதியில் உட்காரச் சொன்னேன். நான் உட்கார்ந்தேன். அம்மா மேலே போய் நின்று கையாட்டினாள்.

கத்தரி முளைத்துவிட்டது. கடையில் வாங்கிய கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "இது காயா பலூனா" என்று கேட்டவள், ஜன்னலோரத்தில் என் நாற்றுகளைப் பார்த்தாள்.

"இது எப்ப காய்க்கும்?"

"இந்தக் குளிர்ல ஆகஸ்ட் ஆயிடும்மா."

"ஓ" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

மன்ஹைமில் தமிழ்ப் புத்தாண்டு விழா. நான் போவதில்லை. அம்மாவுக்காகப் போனேன். ஒரு பள்ளிக்கூட அரங்கு. வாசலில் கோலம், உள்ளே பட்டுப் புடவைகள், ஒலிபெருக்கியில் வாழ்த்து. சாப்பாடு நன்றாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

பந்தியில் எதிரே ஒருவர். மென்பொருள் நிறுவனத்தில் பெரிய வேலையாம். முதலில் என் பெயரைக் கேட்டார். பியூலா என்றதும் தலையாட்டினார். பிறகு ஊர். ஆம்பூர் என்றதும் கண் சுருங்கியது. எனக்கு இந்தச் சுருக்கம் தெரியும். எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, கடுங்குளிரில் நடுங்கி, அந்நிய மொழி படித்து, கடைசியில் கேட்பது இதைத்தான்.

"ஆம்பூர்ல எந்தப் பக்கம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா இலையிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்.

"ஷூ கம்பெனி பக்கம்."

"ஓ, கம்பெனி உங்களுதா?"

"கம்பெனி அவங்குளுது. ஷூ என்னுது." அப்பளத்தை நொறுக்கினாள். "நீங்க எந்தப் பக்கம்?"

அவர் ஏதோ ஒரு ஊர்ப் பெயர் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

அவர் தெருவின் பெயரையும் பெருமையாகவே சொன்னார்.

"அங்கருந்து இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க? அந்தத் தெருவுலயே நல்லாதான இருந்திருக்கும்."

அவர் மனைவி பாயசக் கிண்ணத்தை மூக்கு வரை தூக்கிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். நான் மறைக்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது, "எனக்கு அப்படியே பத்திகினு வந்துச்சும்மா" என்றேன்.

"பத்திகினா நீதான் எரிவ. பாயசம் குடிச்சியா நீ?"

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. நான் ஓடப் போகும்போது போடும் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு அம்மா உள்ளேயே போனாள். இந்த முறை நானும் போனேன். என்ன நடக்கிறதென்று பார்க்கத்தான்.

அறிவிப்பு நேரத்தில் போதகர் சொன்னார்: "போன வாரம் இந்தியாவிலிருந்து வந்த நம் சகோதரி ராகேல் தன் காலணிகளை வாசலில் விட்டுவிட்டு வந்தார். அது பரிசுத்த இடத்துக்குத் தரும் மரியாதை. நம்மில் ஒருவர் அதை இலவசப் பொருள் என்று எண்ணி எடுத்திருக்கலாம். பழுப்பு நிறம், கயிறு கட்டுவது."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். பிறகு அந்த வரிசையே குனிந்தது.

அவள் பெயர் தனுதா. போலந்துக்காரி, ரொட்டிக் கடையில் வேலை. முகம் பழுத்த தக்காளி போலாகிவிட்டது. அங்கேயே கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு நடுவழியில் நடந்து வந்தாள். ஆர்கன் வாசிப்பவர் கை நின்றுவிட்டது. அம்மா எழுந்து நின்று அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, ஷூவை அவள் காலிலேயே மாட்டப் பார்த்தாள். அவள் மறுக்க, அம்மா திணிக்க, கல்யாண வீட்டில் மொய்க் கவர் படுகிற பாடு அந்த ஷூ பட்டது.

"உனக்கு நல்லா கீது, போட்டுக்க."

தனுதா போலிஷில் ஏதோ சொன்னாள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஷூ அம்மாவிடம் வந்தது. தனுதா என் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இந்த முறை நான் காலுறையோடு நடக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

தனுதா என் ஷூவைத் திருப்பித் தர வந்தாள். சைக்கிளில் வந்தாள். அம்மா அந்தச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஊரில் அம்மா கம்பெனி வேனில்தான் போய் வருவாள். பெண்பிள்ளை சைக்கிள் மிதித்தால் கேலி பேசுகிற தெருவில் வளர்ந்தவள்.

சூப்பர்மார்க்கெட்டின் பின்னால் உள்ள வண்டி நிறுத்தும் இடம் மட்டும்தான் இந்த ஊரில் சமதரை. தனுதா சீட்டின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள். தனுதா போலிஷில் கத்தினாள். அம்மா தமிழில் திட்டினாள். மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

இரண்டு முறை விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

"போதும்மா."

"நீ போய் கறிவேப்பில வாங்கினு வா" என்று என்னைத் துரத்திவிட்டாள். இந்த ஊரில் கறிவேப்பிலை கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பிரியாணி. அம்மா தரையில் உட்கார்ந்து மிளகாய் விழுது அரைத்தாள், மிக்சியில். விருந்தாளிகள்: தனுதா, போதகர், என் மேலதிகாரி உல்ரிக்கே. பலூன் கத்தரிக்காயில் அம்மா தொக்கு வைத்தாள். தனக்குத் திருப்தியில்லை என்று முகத்தைச் சுளித்தாள். மற்றவர்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். போதகருக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. "உயிர்த்தெழுதல்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

உல்ரிக்கே கிளம்பும்போது, "ஒப்பந்தம்?" என்று மட்டும் கேட்டார். "யோசிக்கிறேன்" என்றேன். முடிவெடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பிரியாணி வாயோடு கெட்ட செய்தி சொல்லக் கூடாதென்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

அம்மாவைச் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். ஷூவை மாட்டி ஓயாமல் வளைக்கிற இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றாள். "அடப் பாவமே, இதுக்கு லீவே கிடையாதா" என்றாள்.

அப்போது ஒரு சண்டை. பாதுகாப்பு பூட்ஸ் ஒன்றுக்கு நான் போட்ட 'தேறவில்லை' என்ற அறிக்கையை உல்ரிக்கே மாற்றச் சொன்னார். வாடிக்கையாளர் பெரியவர், வித்தியாசம் சின்னதுதானே என்றார். கட்டட வேலை செய்கிறவனின் கால் சின்னதா பெரியதா என்று கேட்டேன். குரல் ஏறியது. அவரும் ஏற்றினார். பிறகு பூட்ஸை வாங்கி, தானே மறுபடி நனைத்துப் பார்த்தார். ஒழுகியது. "சரி, நீ சொன்னதுதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி குடிக்க வருகிறாயா என்றார்.

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பெரியவங்களா, நீ பெரியவளா?"

"அவங்கதான் என் மேலதிகாரி."

"ஓ" என்றாள். இந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

அம்மா தனியாக ஓட்டினாள். யாரும் பிடிக்காமல், நிறுத்துமிடத்தை முழுதாக ஒரு சுற்று. தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த ஆட்கள் நின்று கைதட்டினார்கள். நிறுத்தத் தெரியாமல் தனுதா மேலேயே மோதினாள்.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம். ஊர்த் திடலில் கூட்டம் இருக்கும், வேடிக்கை பார்க்கலாம் என்றேன். அம்மா பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். விரிந்ததும்தான் தெரிந்தது, ஓரத்தில் தமிழில் சங்கத்தின் பெயர் தைத்திருந்தது.

"பாடகர் குழுத் துணின்னு சொன்ன?"

"அங்கயும் பாட்டுதான் பாடுறோம்."

திடலில் கொடிகள், பேண்டு வாத்தியம், தொத்திறைச்சி வறுக்கிற புகை. உலோகத் தொழிற்சங்கத்துக் கிழவர் ஒருவர் அம்மாவின் துணியைத் தொட்டுப் பார்த்து, எந்தத் தொழில் என்று கேட்டார். ஷூ என்றேன். "இங்கே என் அம்மாவும் ஷூதான் தைத்தாள்" என்று சொல்லி, அம்மாவை முதல் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். அம்மா பழுப்பு ஷூவோடு பேண்டுக்குப் பின்னால் நடந்தாள். முகத்தில் கல்யாணப் பெண்ணின் களை.

பிறகு ஓரக்கல்லில் உட்கார்ந்து, ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தின்னும்போது நான் சொன்னேன், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று. கம்பெனியில் பெரிய வேலை, உன்னோடு இருப்பேன் என்று. இந்த நாளுக்காகத்தான் ஒரு மாதமாகச் சேமித்து வைத்திருந்தேன்.

அம்மா அழவில்லை. மென்று முடித்தாள்.

"தெரியும்."

"யார் சொன்னா?"

"மேனேஜர்தான்."

அப்புறம்தான் எல்லாம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் தையல் பிரிவுப் பெண்களைக் கேட்டில் வரிசையாக நிறுத்தி, தோல் துண்டு ஒளித்திருக்கிறார்களா என்று உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். அதிகாரிகளுக்கு வேறு கேட், சோதனை கிடையாது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரியாதது, போன வருடம் பெண்கள் சேர்ந்து அதை எதிர்த்துச் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்பது. செயலாளர் ராகேல். என் அம்மா. பால்கனியில் கேட்ட ஏழெட்டுக் குரல்கள் நலம் விசாரிக்கவில்லை.

"மேனேஜர் ரூமுக்குக் கூப்ட்டாரு. மொத தடவ சேர் போட்டாரு. 'உங்க பொண்ணுக்கு பெரிய வேல ரெடி பண்ணிட்டோம்மா. இனிமே நாம ஒரே குடும்பம். அப்புறம் இன்னாத்துக்கு இந்தக் கொடி'ன்னாரு."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். என் படிப்பைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பெயர்ப் பலகையில் என் பெயரை எந்த எழுத்தில் போடுவார்கள் என்று யோசித்துக்கூட வைத்திருந்தேன்.

"வந்த அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"உனக்கு அந்த வேல மேல ஆச இருந்தா? ஆசையக் கெடுக்கறதா? நீ இங்க எப்பிடி கீறன்னு கண்ணால பாத்துட்டு சொல்லலாம்னுதான் வந்தேன்." கையைத் துடைத்தாள். "அப்புறம் சைக்கிள் வந்துடுச்சு."

கோபம் தலைக்கேறியது. அந்த வேலை வேண்டாம், ஆனாலும் வருவேன், சென்னையில் வேறு வேலை தேடிக்கொள்வேன், உன்னைத் தனியாக விடமாட்டேன் என்றேன்.

"தனியாவா? எனக்குப் பேசறதுக்கே நேரம் பத்தல." என் முகத்தைப் பார்த்தாள். "வரணும்னா வா பியூ. உன் ஊரு, எவன் வேணான்றது. ஆனா எனக்காக வந்தேன்னு சொல்லாத. நாளைக்கு உனக்கு அங்க ஆவலன்னா என் மூஞ்சப் பாத்துதான் பல்லக் கடிப்ப."

"வேற எதுக்கு வருவேன்?"

"அதத்தான் நானும் கேக்கறன். அந்த உல்ரிக்கேம்மாகிட்ட கத்திட்டு, சிரிச்சிகினே காபி குடிக்கப் போன பாரு. நம்மூர்ல எந்த மேனேஜர்கிட்ட கத்திட்டு அப்படி வருவ?"

நான் மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினேன்.

"அப்புறம் அந்தக் கத்திரிச் செடி" என்றாள். "ஜூலைல மூட்ட கட்றவ, ஆகஸ்ட்ல காய்க்கிறத நடுவாளா?"

மே 2, வெள்ளி

ஜன்னலோரத் தொட்டிகளைப் பால்கனிக்கு மாற்றினேன். வெயில் வருகிறது, அதனால்தான்.

'அதனால்தான்' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். வெயில் வருகிறது என்பது உண்மை. மற்றது உண்மை இல்லை.

மே 3, சனி

ஊருக்குத் திரும்ப அம்மாவைத் தவிர வேறு என்ன காரணம் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்காக ஏங்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நானும் எதிர்பார்த்தேன். எனக்கு வரவில்லை. வராதது குற்றம் போல இருந்தது. அதனால் அம்மாவை முன்னால் நிறுத்திக்கொண்டேன். இந்த ஊரைத் திட்டித் திட்டி எழுதியதும் அதற்காகத்தான்.

திட்டியதில் ஒன்றும் பொய்யில்லை. டிக்கெட் பரிசோதகர் நாளைக்கும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். இங்கே அவரிடம் சண்டை போடுவேன். புகார் எழுதுவேன். மன்ஹைமில் அந்த ஆளிடம் அடுத்த வருடம் நானே தெருப் பெயர் கேட்பேன். சண்டை போடாமல் இருப்பதற்காக யாரும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. சண்டை போட்டுவிட்டு எங்கே நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதோ, அங்கே இருக்கிறார்கள்.

மே 4, ஞாயிறு

எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.

மே 5, திங்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். உல்ரிக்கே, "உன் அம்மா போகுமுன் இன்னொரு பிரியாணி உண்டா?" என்று கேட்டார். அதுதான் அவர் வாழ்த்து.

ஆம்பூர்க் கம்பெனிக்கும் பதில் அனுப்பினேன். சுருக்கமாக: "வேலைக்கு நன்றி. எல்லாரும் ஒரே கேட்டில் வெளியே வருகிற நாளில் மறுபடி கூப்பிடுங்கள், யோசிக்கிறேன்." அனுப்புமுன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"நன்றிய வெட்டிடு" என்றாள்.

மே 10, சனி

அம்மா கிளம்பிவிட்டாள். தனுதாவும் வந்திருந்தாள். அம்மா ஊரிலிருந்து போட்டு வந்த ரப்பர் செருப்பு இப்போது தனுதா வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. அம்மா பழுப்பு ஷூவோடு போனாள். இப்போது வாத்து நடை இல்லை.

பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் உள்ளேயிருந்து போன் செய்தாள்.

"இங்கயும் ஷூவக் கழட்டச் சொல்றான்டி. கையத் தூக்கச் சொன்னா ஒரு பொம்பள. எனக்குத்தான் பழக்கமாச்சே, சொல்றதுக்கு முந்தியே தூக்கிட்டேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"கேளு. சென்னைல பொம்பளைங்களத் தனியா தெரைக்குள்ள வெச்சுப் பாத்தாங்க, இங்க எல்லாரும் ஒரே வரிச. எனக்கு முன்னாடி ஒருத்தன், கோட்டு சூட்டு, பெரிய ஆளு. அவனையும் கையத் தூக்கச் சொல்லி, இடுப்பு காலு எல்லாம் தடவுனாங்க. அவனுக்கும் ஷூ இல்ல. சாக்ஸுல ஓட்ட." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எல்லாரையும் தடவுறாங்க பியூ."

"அதனால?"

"ஒண்ணுமில்ல. போய்ச் சொல்றன்."

ஜூன் 15, ஞாயிறு

கத்தரி பூ விட்டிருக்கிறது. தனுதா தன் சைக்கிளை வாரக் கடைசிகளில் எனக்குக் கொடுக்கிறாள். அம்மா அடுத்த வருடம் வரும்வரை யாராவது ஓட்ட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று காய்கள். விரல் நீளம், ஊதா. பறிக்க மனம் வரவில்லை. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். பின்னால் அதே ஏழெட்டுக் குரல்கள், இன்று மெல்லிய குரல்கள் இல்லை.

"பேச்சுவார்த்த வெச்சாங்கடி. சோதன போடறது கம்பெனி பாதுகாப்பு, நிறுத்த முடியாதுன்னாரு மேனேஜர். சரி சார், நிறுத்த வேணாம், ஏர்போர்ட்டு மாதிரி போடுங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும். ஒரே கேட்டு. கோட்டு சூட்டு போட்டவங்களும் ஷூவக் கழட்டிட்டு கையத் தூக்கணும். உலகம் பூரா அதான் வழக்கம், நா பாத்துட்டு வந்தேன்னேன். கூட உக்காந்திருந்த மொதலாளிங்க முன்னாடி வேணாம்னு சொல்ல முடியல அவரால."

"ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கினாங்க. ஒரு வாரம் நடந்துச்சு. மேனேஜரு தெனம் வரிசைல எனக்குப் பின்னாடி. சாக்ஸோட."

"ஒரு வாரந்தானா?"

"ஒரு வாரந்தான் தாங்குனாரு. திங்கட்கிழமலருந்து யாரையும் தடவுறதில்ல."

பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"காய முத்த வுடாத" என்றாள் அம்மா. "பறிச்சுப் போடு தொக்குல."

பறித்தேன். சாயங்காலம் தனுதாவும் உல்ரிக்கேயும் வருகிறார்கள். அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது.